நிம்மதிப் பூட்டு

பெட்டி திறக்க வேண்டுமென்றால் முகாமில் யாராவது ஒருத்தருக்கு நிஜமாகவே நிம்மதி வர வேண்டும். கும்பிட்ட கை செல்லாது. கண்ணைத் துடைத்துக் காட்டினாலும் செல்லாது. ‘நல்லாருங்க சாமி’ என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாலும் பூட்டு அசையாது. நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ வேண்டும். அவிழ்ந்ததைக் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வில்லை கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் ‘டக்’.

அந்த ஒரு சத்தத்துக்காகக் கீழமுனை சனம் மொத்தமும் ஓர் இரும்புப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

பெட்டி என்றால் கப்பலில் வருகிற கொள்கலன். லாரி நீளம், பச்சை நிறம், பக்கவாட்டில் மர்ஸான் நாட்டின் பொன்னிறப் பாய்மரக் கப்பல். உள்ளே தண்ணீர், அரிசி, பால் மாவு, மருந்து. வெயிலில் இரும்பு சுடும்போது உள்ளே பாட்டில்கள் நெளிகிற சத்தம் வெளியில் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் பிள்ளைகள் நாக்கு வறண்டு படுத்திருந்தன.

புயல் உப்பளங்களை வாரிக் கடலுக்குள் கொண்டுபோயிருந்தது. வீடு இல்லை, பாத்தி இல்லை, குடிக்கிற கிணற்றில் கடல் ஏறி உட்கார்ந்திருந்தது. மிஞ்சியவர்கள் சாலை மேட்டில் எப்போதோ மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸில் ஏறிக்கொண்டார்கள். தீக்குச்சி மருந்து நாற்றம் போகாத கொட்டகைகள். இரண்டு பக்கமும் பாலம் உடைந்து கிடந்தது. அரசாங்கமோ கரையைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டது. இந்தக் கரை மர்ஸானுக்கு, கரை வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னோர் எண்ணெய் நாட்டுக்கு. உலகமே நமக்குக் கைகொடுக்கிறது என்று அமைச்சர் பேட்டி கொடுத்தார். கைகொடுத்தது உண்மைதான். கை மடங்கியிருந்ததை அவர் சொல்லவில்லை.

ஜெயக்கொடி அங்கே மர்ஸான் நிதியத்தின் உதவியாளர். கீழமுனையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மின்னணுவியல் பட்டம் வாங்கி வந்தவளை ஊரில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊர் அழிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். நீலச் சட்டையும் கைக்கணினியும் கொடுத்து, “உங்க ஊர் ஆளுங்க, உங்களுக்குத்தான் தெரியும்” என்றார் மேலாளர் கௌசிகன். அவரும் தமிழர்தான். பதினைந்து வருஷமாக மர்ஸானில் இருக்கிறார். இந்த வெயிலிலும் அவர் சட்டையில் வேர்வை தெரிந்ததில்லை.

“இந்த வில்லை எதுக்கு சார்?” என்று முதல் நாளே அவள் கேட்டாள்.

“போன வெள்ளத்துல நாங்க அனுப்பின அரிசி அப்படியே சந்தைக்குப் போச்சு. மூட்டைல எங்க சின்னம்கூட அழிக்கல. கேட்டா கையெழுத்து இருக்கு, ஃபோட்டோ இருக்கு, பெருவிரல் ரேகை இருக்கு. எல்லாம் பக்கா, எல்லாம் போலி. நிம்மதியை மட்டும் போலியா செய்ய முடியாது ஜெயக்கொடி. முதல் பெட்டி சும்மா திறக்கும். அதை வாங்கினவங்களுக்கு நிஜமா நிம்மதி வந்தா, உதவி போய்ச் சேர்ந்துதுன்னு அர்த்தம். அடுத்த பெட்டி திறக்கும். வில்லை எதிர்பார்க்கற அளவு நிம்மதி வரலேன்னா, நடுவுல எவனோ தின்னுட்டான்னு அர்த்தம்.”

“அளந்த நிம்மதியை மர்ஸான்ல வச்சு என்ன செய்வாவ?”

அவர் ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். “கொடுத்தவங்களும் ஒரு வில்லை ஒட்டியிருப்பாங்க. இங்க ஒருத்தர் தாகத்துல முதல் வாய் தண்ணி குடிக்கும்போது உள்ள என்ன நடக்குதோ, அது அவங்களுக்கும் நடக்கும். அங்க பாருங்க, யாருக்கும் தாகமே எடுக்கறதில்ல. கொடுக்கறதோட சந்தோஷம்னா என்னன்னு மறந்தே போயிட்டாங்க.”

“அப்போ இது உதவி இல்ல சார். யாவாரம்.”

“எல்லா உதவியும் அதான். நாங்க அளக்கறோம், அவ்வளவுதான்” என்று சிரித்துவிட்டு, அவள் காதுக்குப் பின்னாலும் ஒன்றை ஒட்டினார். ஊழியர்கள் ஒட்டிக்கொண்டால்தான் சனம் பயப்படாமல் ஒட்டிக்கொள்ளும். அவளுடைய நிம்மதியைக் காட்டும் கோடு கைக்கணினியில் எப்போது பார்த்தாலும் செத்த பாம்பு மாதிரி நீட்டிக் கிடந்தது. “உங்களுக்கு நிம்மதிங்கற உறுப்பே வைக்காம படைச்சுட்டானா?” என்று கௌசிகன் கேலி செய்வார்.

முதல் பெட்டி சும்மா திறந்தது. அதில் இருந்தது ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் மட்டும்தான். வாங்கியவர்கள் யாரும் குடிக்கவில்லை. வாங்கிய கையோடு பின்னால் நின்றவரிடம் நீட்டினார்கள். அவர் அவருக்குப் பின்னால். பாட்டில்கள் வரிசை முடியும்வரை போய், அங்கிருந்து குடித்துக் குடித்துத் திரும்பி வந்தன.

உப்பளத்தில் தண்ணீர் அப்படித்தான் குடிப்பார்கள். பாத்தி வரப்பில் வரிசையாக நிற்கிற பெண்களுக்கு ஒரே ஒரு குடம் வரும். முன்னால் நிற்பவள் முதலில் குடித்தால் கடைசியில் நிற்பவளுக்கு மண்டிதான் மிஞ்சும். அதனால் வாங்குகிறவள் கடைசியில்தான் வாய் வைக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கைக்கே பழகிப்போனது. வில்லைக்கு அது தெரியாது. பாட்டில் கைக்கு வந்ததிலிருந்து சற்று நேரம் நெஞ்சைப் பார்க்கும். முகாம் முழுக்க ஒன்றுமே அவிழவில்லை. ‘உதவி சென்று சேரவில்லை’ என்று மர்ஸானுக்குச் செய்தி போயிற்று. இரண்டாவது பெட்டி பூட்டிக்கொண்டது.

“வாங்கின உடனே குடிக்கச் சொல்லுங்க” என்று கௌசிகன் தலையில் அடித்துக்கொண்டார்.

“குடிக்க இப்போ தண்ணி எங்க சார் இருக்கு?” என்றாள் ஜெயக்கொடி.

அதற்குப் பிறகு என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். முகாமை நடத்தியது தங்கப்பழம். உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், புயலுக்குப் பிறகும் கங்காணியாகவே இருந்தார். மிச்சமிருந்த ஒரு குடத்தைப் பூட்டி வைத்து, நாலு பேரைக் காயப்போட்டு, பிறகு கொடுத்துப் பார்த்தார். கோடு கொஞ்சம் எழுந்து படுத்தது. செத்தவர்களை நினைத்துக்கொண்டிருந்த நெஞ்சில் தண்ணீர் எங்கே போய் எட்டும்?

“நல்லா சந்தோசப்படுங்களேன்வே! வாயில சீனியா போடணும்?” என்று கத்தினார்.

“நீரு படும் அண்ணாச்சி, நாங்க பாத்துப் படிச்சுக்கிடுதோம்” என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

பெட்டியை உடைக்கலாமென்று இளவட்டங்கள் கடப்பாரையோடு போனார்கள். காவலுக்கு நின்ற நம்ம போலீஸ்காரர்களே அடித்துத் துரத்தினார்கள். உடைத்தால் வரிசையில் நிற்கிற மற்ற பெட்டிகளும் கப்பலோடு திரும்பிவிடும் என்று கௌசிகன் பொறுமையாக விளக்கினார். அதற்குள் முகாமில் பேதி கிளம்பியிருந்தது. பிள்ளைகளுக்குத்தான் முதலில். மருந்து பெட்டிக்குள் இருந்தது. கைக்குழந்தை ஒன்று செத்தது. அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தவர்கள் பெட்டியின் மேல் காறித் துப்பினார்கள்.

அப்போதுதான் இசக்கியம்மையின் கோடு எழுந்தது.

இசக்கி ஜெயக்கொடியின் அம்மா பூரணத்தோடு ஒரே வரப்பில் வேலை பார்த்தவள். ஜெயக்கொடிக்குச் சித்தி முறை. புருஷன் எப்போதோ போய்விட்டான். இருந்தது ஒன்பது வயது மகள் முப்பிடாதி. முன்பல் விழுந்த பிள்ளை, புயலன்று பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். அலை ஏறியபோது இசக்கி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். ஓடி நின்று பார்த்தபோது கையில் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து இசக்கி தீப்பெட்டி ஆபீஸ் சுவரோரம் வலது கையை மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

படகில் வந்த மீனவர் ஒருத்தர், வேம்படி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சிறுமியைக் கரை சேர்த்திருப்பதாகச் சொன்னார். முன்பல் இல்லாத பிள்ளையாம். ஜெயக்கொடி ஓடிவந்து சொன்னாள். “சித்தி, முப்பி உயிரோட இருக்கா போலுக்கு! வேம்படியில ஒரு பிள்ள...”

இசக்கியின் மூடிய கை திறந்தது. சத்தமே வரவில்லை. வாய் மட்டும் அகலத் திறந்து, உடம்பு முழுவதும் ஒருமுறை தூக்கிப் போட்டது. முற்றத்தில் ‘டக்’ என்றது.

முகாமே எழுந்து ஓடியது. அன்று எல்லோரும் தின்றார்கள், குடித்தார்கள், பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். இசக்கியை யாரோ தூக்கிச் சுற்றினார்கள். கௌசிகன் கைக்கணினியைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். “இந்த மாதிரி ஒரு கோடு நான் எந்த நாட்டுலயும் பாத்ததில்ல.”

மறுநாள் வேம்படிப் பிள்ளையின் படம் வந்தது. வேறு யாருடைய மகளோ.

ஜெயக்கொடி போய்ச் சொன்னாள். இசக்கி மறுபடி கையை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெயக்கொடி பிற்பாடு அதையெல்லாம் செய்திருக்க மாட்டாளோ என்னவோ.

பெட்டியில் இருந்தது தீர்ந்தது. அடுத்த பெட்டி வந்து முற்றத்தில் நின்றது. கௌசிகன் தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டுக் குளிர்ந்த மோர் கொடுத்தார்.

“மர்ஸான்லேர்ந்து ஒரு பெரியவர் செய்தி அனுப்பியிருக்கார். மனைவி இறந்ததுக்கு அப்புறம் அவருக்கு உள்ள எதுவுமே நடக்கலையாம். சாப்பிட்டா ருசியில்ல, பேரன் வந்தா சந்தோஷமில்ல. அன்னைக்கு அந்தம்மாவோட நிம்மதி வந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாராம். அந்தத் தாயை என் சகோதரியா நினைக்கிறேன், இன்னும் உதவி செய்யணும்னு எழுதியிருக்கார்.”

ஜெயக்கொடிக்கு அந்தக் கிழவரை ஒரு அரக்கனாக நினைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. அதனாலேயே கூடுதலாக எரிந்தது.

“அந்தம்மாவுக்கு இன்னொரு நல்ல செய்தி ஏதாவது வந்திருக்கா?” என்றார் கௌசிகன், மோர் டம்ளரைப் பார்த்தபடி.

“இல்ல சார்.”

“வரலாம் இல்லையா?”

வெளியே வந்தால் தங்கப்பழம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சொல்லியாகியிருந்தது.

“ஏட்டி, படிச்சவதான நீ? ஒரு வாய்ச்சொல்லு. சொன்னா இத்தன பிள்ளைக பொழைக்கும். சொல்லலன்னா நாளைக்கு நீயே வந்து குழி தோண்டு. எது பாவம்னு உம் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.”

அவள் சொன்னாள். பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை, பச்சைப் பாவாடை, பெயர் கேட்டால் ‘மு’ என்று மட்டும் சொல்கிறதாம். ‘டக்’.

அதன் பிறகு அடுத்த பெட்டி. ஒரு லாரிக்காரர் பார்த்தாராம், இடது கணுக்காலில் தழும்பாம், கீழ் வரிசையில் ஒரு பல் இல்லையாம். ‘டக்’. ஜெயக்கொடிக்கு வேலை கைவந்துவிட்டது. ஓடிவந்து மூச்சு வாங்க வேண்டும். முதலில் ‘சித்தி’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும். அடையாளத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். கல்லூரியில் மேடையேறிப் பேசச் சொன்னால் ஒளிந்துகொள்கிறவளுக்கு இவ்வளவு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்த லாரிக்காரர் கதைக்கு மறுநாள் இசக்கி அவளைக் கூப்பிட்டாள்.

“பொய்தான ஜெயா?”

ஜெயக்கொடி குனிந்துகொண்டாள்.

“எனக்குத் தெரியும். தழும்பு வலது காலுலலா.” இசக்கி மணலை அள்ளிக் கீழே விட்டாள். “புத்திக்குத் தெரியுது. ஆனா நீ ‘சித்தி’ன்னு மூச்சு வாங்கிட்டு வந்து நிக்கும்போது, இந்தப் பாழாப்போன வயிறு நம்பிருதுட்டி. ஒவ்வொரு தடவையும் நம்பிருது. எத்தன தடவதான் பெக்கும் அது? சரி, சொல்லு. பிள்ளைக சாப்பிடணும்லா. சொல்லுததை நல்லாச் சொல்லு. தழும்பு வலது காலு. விழுந்த பல்லு கீழ் வரிசை இல்ல, மேல் வரிசை. என்னையத் தேத்துத மாதிரி மட்டும் பாக்காத.”

இப்படியாக இசக்கியே அடையாளங்களைத் திருத்திக் கொடுத்தாள்.

முகாமில் எழுதாத சட்டம் ஒன்று வந்தது. இசக்கியின் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. அழுதால் தோளைத் தொடக் கூடாது. துக்கம் ஆறிப்போனால் அப்புறம் எதைக் கொண்டு பெட்டியைத் திறப்பது? பூரணத்துக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் போய் இசக்கியின் தலையைத் தன் மடியில் சாய்த்து, “போனவ போயிட்டா இசக்கி, மனசத் தேத்திக்கோ. எத்தன நாளு இப்படிக் கெடப்ப?” என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கொடி கைக்கணினியில் அதைப் பார்த்தாள். இசக்கியின் கோடு மெல்ல மெல்ல, வீணாக, சிறுசிறு அலையாக வடிந்துகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அவளைத் தேத்தாத!”

பூரணம் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். “உன்னையப் படிக்க வச்சதுக்கு நாலு கோழி வளத்திருக்கலாம்ட்டி. முட்டையாவது போட்டிருக்கும்” என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் மகளோடு பேசவில்லை. பெட்டி திறந்தால் பால் மாவு வாங்க மட்டும் வரிசையில் வந்து நின்றாள். அந்த வரிசையில் யாரும் இப்போது பாட்டிலைப் பின்னால் கொடுப்பதில்லை. வாங்கிய இடத்திலேயே மூடியைத் திருகினார்கள்.

பிறகு கடல் ஓர் உடம்பை ஒதுக்கியது. சிறுமியின் உடம்பு. முகம் மீன்களுக்குப் போயிருந்தது. பச்சைத் துணி இடுப்பில் சுற்றியிருந்தது. தங்கப்பழம் ஜெயக்கொடியைத் தனியே கூட்டிப்போய்க் காட்டினார். கால்கள் ஊதி வெடித்திருந்தன. தழும்பு இருந்ததா இல்லையா, யாராலும் சொல்ல முடியாது.

“சித்தியக் கூட்டியாந்து காட்டணும் அண்ணாச்சி” என்றாள்.

“காட்டு. மகதான்னு அவ சொல்லிட்டா, பெட்டி இன்னைக்கோட மூடிக்கும். கொட்டகையில பதினோரு பிள்ளைக பேதியில கெடக்கு. போ, கூட்டிட்டு வா.”

அவள் போகவில்லை. முள் அடர்ந்த உடைமரங்களுக்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்தே குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளியது அவளுடைய கைதான். பச்சைத் துணியின் ஒரு முனை வெளியில் நின்றது. அதையும் காலால் உள்ளே தள்ளினாள். அன்று சாயங்காலமே இசக்கியிடம் போய், மூச்சு வாங்கி, “சித்தி...” என்றாள். வயிறு நம்பியது. ‘டக்’.

ஆனால் அதற்குப் பிறகு கோடு சிறுத்துக்கொண்டே வந்தது. பெட்டி கொஞ்சம் யோசித்துத்தான் திறந்தது. சொல் மட்டும் போதாதென்று தங்கப்பழம் ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்தார். முகாமிலேயே இருந்த வேறொரு சிறுமிக்குப் பச்சைப் பாவாடை கட்டிச் சாலை வளைவில் தூரமாக நிறுத்தினார்கள். இசக்கி எழுந்து ஓடினாள். முள்ளில், சரளையில், சேலை கிழிய ஓடினாள். பாதி வழியில் பிள்ளையின் முகம் தெரிந்துவிட்டது. குப்புற விழுந்தாள். அந்தப் பாதி ஓட்டத்துக்கே பெட்டி திறந்துகொண்டது. எல்லோரும் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். அவளைத் தூக்க யாரும் போகவில்லை. பாவாடை கட்டிய பிள்ளைதான் பயந்துபோய் அவள் பக்கத்தில் நின்று அழுதது.

அதோடு இசக்கியின் கோடு படுத்துவிட்டது. இரண்டு பெட்டிகள் முற்றத்தில் பூட்டியபடி நின்றன. பேதி மறுபடி தலையெடுத்தது. மர்ஸான் பெரியவர், ‘என் சகோதரி நலமா?’ என்று கேட்டு எழுதினார்.

அப்படியொரு காலையில்தான் வடக்குப் பாலத்தைத் தற்காலிகமாகக் கட்டி முடித்தார்கள். முதலில் வந்த ஜீப்பிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கினாள். கையில் ஒரு சிறுமி. மொட்டைத்தலை, கறுத்து ஒடுங்கிய முகம், யாருடையதோ ஒரு பெரிய சட்டை. “கீழமுனை இதுதான? இவ பேரு முப்பிடாதியாம். கரை வளைவுக்கு அந்தப் பக்கத்து முகாம்ல இருந்தா. அலை அங்க கொண்டுபோய் ஒதுக்கியிருக்கு” என்றாள்.

ஜெயக்கொடி சிறுமியின் முன்னால் மண்டியிட்டாள். மேல் வரிசைப் பல் பாதி முளைத்திருந்தது. வலது கணுக்காலைப் புரட்டிப் பார்த்தாள். உப்பு வாரும் வாருபலகை கிழித்த தழும்பு, பிறை மாதிரி. இசக்கி திருத்திச் சொன்ன அதே கால்.

“ஏன் இத்தன நாளு அனுப்பல?” என்று நர்ஸைக் கேட்டாள்.

நர்ஸ் வேறு பக்கம் பார்த்தாள். “அங்கயும் பெட்டிதான்மா. இவளுக்குத்தான் அங்க நிம்மதி நல்லா வரும். ‘அம்மா வந்துட்டா’ன்னு யாரையாவது காட்டினா போதும். போன வாரம் வரைக்கும். இப்ப வர்றதில்ல, அதான் விட்டுட்டாங்க.”

ஜெயக்கொடி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே மூச்சு வாங்கியது. “சித்தி! சித்தி...” அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. எல்லா வார்த்தையையும் முன்னாலேயே செலவழித்துவிட்டிருந்தாள். முகாமே பின்னால் வந்து சுற்றி நின்றது.

இசக்கி நிமிர்ந்தாள். பிள்ளையை மேலிருந்து கீழே பார்த்தாள். கணுக்காலைப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினாள்.

“நல்லாச் செஞ்சிருக்க ஜெயா. தழும்புகூட வச்சிருக்க. பாவம், இதுக்குன்னு பிள்ள காலக் கீறுனியளா?”

“சித்தி, இது முப்பி! சத்தியமா முப்பி! எங்கம்ம மேல சத்தியமா!”

“அன்னைக்கும் சத்தியம்தான் பண்ணுன.”

சிறுமி அழவில்லை. அவளும் இசக்கியை அப்படியேதான் பார்த்துக்கொண்டு நின்றாள், கடையில் தொங்குகிற பொம்மையைப் பார்ப்பது போல. பிறகு ஜெயக்கொடியின் சட்டையை இழுத்தாள்.

“அக்கா, இந்தம்மை அம்மா மாதிரியே இருக்கு. எங்க கேம்புல அம்மான்னு வர்றவங்களவிட நல்லா இருக்கு.” கொஞ்சம் யோசித்து, “நான் ஓடிப்போயிக் கட்டிப்பிடிக்கணுமா? கட்டிப்பிடிச்சா பிஸ்கட் தருவியளா?” என்றாள்.

இசக்கி தன் பங்கில் வைத்திருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள். “இந்தா, தின்னு பிள்ள. நீ எந்த ஊரு?”

கைக்கணினியில் இசக்கியின் கோடு நேராகக் கிடந்தது, பிள்ளையின் முகமும் அப்படியே.

அப்போது முற்றத்தில் ‘டக்’ என்றது.

ஒரு பெட்டி மட்டுமல்ல. ‘டக்’, அடுத்ததும் திறந்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு ஓடியது. “இசக்கிக்கு வந்துட்டு! பெத்த வயிறுலா!” என்று யாரோ கூவினார்கள். கௌசிகன் மூச்சிரைக்கக் கைக்கணினியோடு வந்தார். முதல்முறையாக அவர் சட்டை நனைந்திருந்தது. இசக்கியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினார்.

ஜெயக்கொடி மணலில் உட்கார்ந்திருந்தாள். உடைமரங்களின் பக்கம் பார்த்தபடி இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தாள். அது முப்பி இல்லை. நான் புதைத்தது முப்பி இல்லை. நான் சித்தியின் பிள்ளையைப் புதைக்கவில்லை. எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்த அழுகையில் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உடைமரத்தடியில் கிடப்பது அப்படியானால் யார் பெற்ற பிள்ளை என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு பெரியவர் தன் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருப்பார்.

கௌசிகன் குனிந்து அவள் காதுக்குப் பின்னால் வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். “ஜெயக்கொடி,” என்றார், ரொம்பக் கனிவாக. “இவ்வளவு நாள் உள்ள எதை வச்சிருந்தீங்க? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

பின்னால் நின்ற தங்கப்பழம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்தில் புதுப் பாத்தியை எட்டு வைத்து அளக்கும்போது பார்க்கிற பார்வை.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பூரணம் இதைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாதவள், பால் மாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஏ மக்கா, என்னட்டி, ஏம்ட்டி இப்படி அழுத...” என்று மகளின் தலையை மார்போடு சேர்த்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.

சுவரோரத்திலிருந்து இசக்கி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. பாத்தியில் பக்கத்து வரப்புக்காரிக்கு வேலை சொல்கிற குரல்தான்.

“தேத்தாதிய பூரணக்கா. பிள்ளைக சாப்பிடணும்லா.”